பிரேக்கில் காற்று எடுக்கிற நேரம்

மிதிங்கண்ணா என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வருகிறது, மிதிக்கிறேன். இன்னொருக்கா என்கிறது, மிதிக்கிறேன். மூன்றாவது மிதியில், அப்படியே புடிங்க என்கிறது. பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே மெக்கானிக் அறப்பளி இடது பின்சக்கரத்துக்கு உள்பக்கம் மல்லாக்கப் படுத்து நிப்பிளைக் கால்வாசி திருகித் திறப்பான். அதில் மாட்டின பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் இறங்கும், ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்றும் இறங்கும், என் கால் தன்னால் பலகைவரை போகும், அவன் நிப்பிளை மூடிவிட்டு, உடுங்க என்பான், விடுவேன். ஏர் எடுக்கிறது என்றால் இவ்வளவுதான். குழாய்க்குள் குண்டுமணி அளவு காற்று இருந்தால் போதும், மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்கத்தான் சரியாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. மேலே ஒருத்தன் கால், கீழே ஒருத்தன் கை, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. காலுக்கு மட்டும்தான் வேலை, தலை சும்மா இருக்கிறது, எழுபத்தொரு வயதுத் தலையைச் சும்மா விட்டால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அங்கே போகாமல் இருக்க மீட்டரைப் பார்க்கிறேன். எட்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, அங்கே மறந்துவிட்ட துண்டை எடுக்க இன்னொரு தரம் கிளம்பின தூரம். ஒரு பிக்கப்புக்கு இது அதிகம்தான். தேய்ந்துபோன எஞ்சினைக் குடைந்து இரண்டு தரம் போர் அடித்தாயிற்று, கியர்பாக்ஸ் மூன்றாவது, கேபின் வேறு ஒரு வண்டியுடையது. போன மாசம் பெரிய டர்போ போட்டேன், அதற்குத் தக்க இன்டர்கூலர் போட்டேன், பம்பில் டீசலைக் கூட்டி வைத்தேன். இப்போது ஏற்றத்தில் ஹாரன் அடித்தால் சத்தம் எனக்குப் பின்னால்தான் வருகிறது என்று டீக்கடையில் சொன்னேன், நம்பாதவன் நேற்றுப் பிறந்தவன். நான் ஓட வைக்கிறதை வாங்கி மாட்டுவேன், உடனே அறப்பளி நிற்க வைக்கிறதை மாட்டுவான். டர்போவுக்கு ஈடாக முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறான், மாஸ்டர் சிலிண்டர் புதுசு, ஹோஸ் எல்லாம் புதுசு. உடுங்கண்ணா என்கிறான். விடுகிறேன்.

சோளக்காட்டுச் சந்தைக்கு மேற்கே அவன் ஒர்க்‌ஷாப். தகரத்துக்குக் கீழே மத்தியான வெயில், தகரத்துக்கு வெளியே மேகம், கொல்லிமலையில் இந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இவன் பட்டறையின் வாசலிலிருந்து பார்த்தால் எழுபதாவது வளைவின் மஞ்சள் பலகை தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு, அடிவாரம் காரவள்ளியில் ஒன்றில் தொடங்கி மேலே இங்கே எழுபதில் முடிகிறது. ஏறுகிறவனுக்கு முடிகிறது, இறங்குகிறவனுக்குத் தொடங்குகிறது. நீள லாரி திரும்பாத ரோடு, அதனால் பலாவும் அன்னாசியும் மிளகும் எங்களைப் போன்ற பிக்கப்காரர்களால்தான் கீழே இறங்குகிறது. அடுத்த சக்கரம் என்று அறப்பளி நகர்கிறான், முதுகுப் பலகையின் உருளைகள் கிரீச் என்கின்றன. வலது பின்சக்கரம். மிதிங்க. மிதிக்கிறேன். வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஜாக்கி இறங்கின பிறகும் அப்படித்தான் நிற்கும், எனக்குத் தெரியும். இடது பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையை அவன் இரண்டு தரம் மாற்றிவிட்டான், ஒரு பட்டை கூடவும் சேர்த்தான், பதினைந்து நாளில் மறுபடி தொங்கிவிடுகிறது. லோடு அந்தப் பக்கமா அடுக்கறீங்களாண்ணா என்று கேட்டான். இல்லடா. பக்கத்துல ஆள் ஏத்தறீங்களா. யாரையும் ஏத்தலடா. அப்ப யாரு உக்காந்திருக்கறாங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, சிரிப்பைப் பாதியில் நிறுத்தி ஸ்பேனரைத் தேடப் போனான். நானும் தேடினேன், அது அவன் கையிலேயே இருந்தது. இடது சீட்டை மூன்று தரம் மாற்றினேன். ஒவ்வொரு தரமும் புது ரெக்ஸின், புது ஸ்பாஞ்ச், ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும், ஒருத்தன் எழுந்து போன மாதிரி. சின்ன விசயம். ஸ்பாஞ்ச் மட்டமாக இருக்கும். கண்ணாடி ஏற்றியிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து பீடி வாசனை வரும், எனக்குப் பீடி பழக்கம் கிடையாது, அதுவும் சின்ன விசயம். புடிங்க என்கிறான். பிடித்துக்கொள்கிறேன். குமிழ் வருதாடா என்று கேட்கிறேன். வருதுங்ண்ணா, இன்னும் வருது.

பதினோரு வருசம் ஆகிறது. சீரங்கன் அறப்பளியின் அக்கா பாவாயியின் புருசன், லோடு ஏற்றுகிற ஆள், என்னோடு வாரத்துக்கு நாலு நாள் இறங்குவான். விபத்துக்கு முந்தின சாயங்காலம்தான் இதே இடத்தில், இதே மாதிரி, நான் மிதிக்க அறப்பளி ஏர் எடுத்தான், ஒரு சுற்றோடு முடித்தான். மறுநாள் பலா லோடோடு அறுபத்திரண்டாவது வளைவில் இதே வண்டி சுவரைத் தாண்டியது. நான் வெளியே விழுந்தேன், அவன் உள்ளேயே போனான். ஓடி வந்தவர்கள் என்னைத் தூக்கி உட்கார வைத்து என்னண்ணா ஆச்சு என்று கேட்டபோது, பிரேக் புடிக்கலப்பா என்றேன். இரண்டு வார்த்தை. தானாக வந்தது, ஏப்பம் வருகிற மாதிரி. உருண்டதில் பிரேக் பைப்பெல்லாம் அறுந்து கிடந்தது, வந்து பார்த்த போலீஸ்காரர்களும் தலையை ஆட்டிவிட்டு அதையே எழுதிக்கொண்டு போனார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு ஒரு சொல்லை அப்படியே வைத்திருக்கத் தெரியாது, தண்ணீர் விட்டு வளர்த்தால்தான் தூக்கம் வரும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன் என்று சேர்த்தேன். வீட்டுக்கு வந்ததும், வண்டியைப் பாறைமேல் உரசி நிறுத்தப் பார்த்தேன், ஒரு பர்லாங்கு நெருப்புப் பொறி பறந்தது என்று சேர்த்தேன். காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் அது மூன்று பர்லாங்கு ஆயிற்று, மூன்று வளைவு பிரேக் இல்லாமலே இறக்கினேன் என்றாயிற்று, எதிரே வந்த பஸ்ஸில் அறுபது பேரைக் காப்பாற்றத்தான் சுவரில் விட்டேன் என்றாயிற்று. அன்றைக்கு அந்த ரோட்டில் பஸ்ஸே வரவில்லை. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். சாகிறதற்கு முன்னால் சீரங்கன் என் கையைப் பிடித்து, அறப்பளி மேல தப்பில்லண்ணா, அவன வையாதீங்க என்று சொன்னதாகவும் நான்தான் சேர்த்தேன், அது அறப்பளிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. அதைக் கேட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான். தப்பில்லை என்று ஒருத்தன் சாகும்போது சொன்னால், தப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம், அது எனக்கு அப்போது ஏறவில்லை. உடுங்க என்கிறான். விடுகிறேன். அந்த வளைவில் சீரங்கன் என்னமோ சொன்னான், அதுவரை போய்த் தலை திரும்பிவிடுகிறது, மழைக்காலத்துப் பாதையில் கால் வைத்த மாதிரி, போகட்டும், முன்சக்கரத்துக்கு வந்துவிட்டான்.

இடது முன்சக்கரம். அன்றிலிருந்து அறப்பளி எந்த வண்டிக்கும் மூன்று சுற்று ஏர் எடுக்கிறான். நாலு சக்கரமும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து, பிறகு மறுபடி. ஒரு குமிழும் வரவில்லை என்றாலும் எடுப்பான். நாமக்கல்லிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் மலையேறி வந்து இவனிடம் பிரேக் பார்த்துக்கொண்டு போகிறார்கள், பிரேக் பூசாரி என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆனால் இவன் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டான். வேலை முடிந்த வண்டியை வந்தவரேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையை விட்டு இறங்கவும் மாட்டான். அடிவாரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனதில்லை. பாவாயி இவனை ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை, சொல்லாததுதான் இவனுக்குப் பெரிய வசவு. இப்போது வெள்ளிக்கிழமை அவள் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிவர வேண்டும். வா என்று அக்கா மூன்று தரம் சொல்லியனுப்பினாள். அப்பனைக் கொன்ன கையி, அந்தப் புள்ள கையைப் புடிக்கலாமாண்ணா என்று என்னிடம் கேட்டான், போன செவ்வாய், இதே சீட்டின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு. சீர்ச் சாமானையெல்லாம் வாங்கி வைத்துவிட்டான், பீரோ, கட்டில், அண்டா, ஏழு தட்டுக்குச் சேலை. நான் என் வண்டியில் இறக்கிக்கொண்டுபோய் இவன் சார்பில் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்த ஏர் எடுக்கிற வேலை. நான் வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு, கொடுத்துடலாம் உடுறா என்றேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகம், நாக்கு பொத்துப்போனது, இன்னும் ஆறவில்லை.

முதல் சுற்று முடிந்தது, இரண்டாவது சுற்று தொடங்கியது, மறுபடி இடது பின்சக்கரம். மேகம் தகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இடது கதவின் லாக் பொத்தான் டொக் என்று மேலே எழும்புகிறது, அது அப்படித்தான், வயரிங் கோளாறு. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா என்று குரல் வருகிறது. கேளு. அன்னைக்கு மிதிச்சப்ப பெடல் பஞ்சாட்டம் அமுங்கிப் போச்சா, இல்ல கட்டையாட்டம் நின்னுச்சா? ஏன்டா இப்ப? பஞ்சாட்டம் போயிருந்தா காத்து. நான் ஒழுங்கா எடுக்கல. கட்டையாட்டம் நின்னிருந்தா எறக்கத்துல பிரேக்கு சூடேறிருச்சு, அதுக்கு நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மொத வருசம் பஞ்சுன்னீங்க. அப்புறம் ஒருக்கா கட்டைன்னீங்க. போன ஆடியில நோம்பியன்னைக்குப் பெடலே கழண்டு கையில வந்துருச்சுன்னீங்க. பெடல் காலுகிட்ட இருக்கறதுங்ண்ணா, கையில எப்படி வரும். நான் சிரித்தேன், அவனும் கீழே சிரித்தான், வயிற்றின்மேல் ஸ்பேனர் குலுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: வெள்ளிக்கெழமைக்கு முந்தி தெரிஞ்சுக்கிட்டாத் தேவல. கட்டைதான்னா, பந்தலுக்கு வெளிய நின்னாச்சும் அந்தப் புள்ளையப் பாத்துட்டு வந்துருவேன். அப்போது பாருங்கள், எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. கட்டை. மூன்று எழுத்து. அவன் கேட்டதே அதைத்தான், நான் கொடுக்க வேண்டியதே அதைத்தான், கொடுத்தால் அவன் மாலை போடுவான், எனக்கும் வெள்ளிக்கிழமை பந்தியில் முதல் இலை. வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவனுக்கு ஒரு நல்ல பொய் சொல்ல என்ன தயக்கம். கட்டைதான்டா, நல்லா ஞாபகம் இருக்குது, பாறாங்கல்லாட்டம் நின்னுச்சு என்றேன். செரிங்ண்ணா என்றான். அழுகிற பிள்ளை கையில் வெறும் காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்து மிட்டாய் என்றால், நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அது வாங்கி வைத்துக்கொள்ளுமே, அப்படி ஒரு செரிங்ண்ணா. அவன் நம்பவில்லை. இனிமேல் நான் பாறாங்கல் என்றாலும் மலை என்றாலும் நம்ப மாட்டான். மிதிங்கண்ணா என்றான். மிதித்தேன். புடிங்க என்றான். பிடித்துக்கொண்டே, பக்கத்து சீட்டைப் பார்க்காமல், மிதிக்கவே இல்லடா என்றேன். மிதிச்சுத்தான் இருக்கறீங்க, டியூப்புல வருது என்றான். இப்ப இல்ல. அன்னைக்கு. பெடல்ல நான் காலே வெக்கல. பஞ்சும் இல்ல, கட்டையும் இல்ல. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, எழுபதுலயும் அறுபத்தஞ்சுலயும் புடிச்சு எறங்கினேன், நூலு புடிச்சாப்புல நின்னுச்சு. அறுபத்திரண்டுல நான் ரோட்டப் பாக்கல. சீரங்கன் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன்டா.

சொன்னதும் வாய் சும்மா இருக்கவில்லை, அந்தக் கதையையும் சொல்லிவிட்டது. எழுபதாவது வளைவில் வண்டியிலிருந்து தவறி விழுந்த ஒரு பலாப்பழம் ஒவ்வொரு வளைவையும் குறுக்கே தாண்டித் தாண்டி உருண்டு, நான் காரவள்ளி போய்ச் சேரும்போது அங்கே ரோட்டோரம் சுளை பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஏங்ண்ணா லேட்டு என்று கேட்டது. அந்தக் கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டுக் கேட்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும், உதடு இழுபடுகிறதா, கண் சுருங்குகிறதா என்று பார்த்து அப்புறம் அவிழ்க்க வேண்டும், அந்தச் சிரிப்புக்காகத்தான் கதை சொல்கிறதே. நிறுத்தினேன், பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை, ஏன் சிரிக்கவில்லை என்று இன்னும் ஒரு கணம் பார்த்தேன். அந்த ஒரு கணம். கீழேயிருந்து உடுங்க என்கிற சொல் வரவில்லை, பெடலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், நிப்பிள் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா தெரியவில்லை, ஜாக்கி மேல் வண்டி, வண்டிக்குக் கீழே அவன், வண்டிக்கு மேலே நான், அவன் கையில் ஸ்பேனர். நிப்பிளைக் கால்வாசி திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் எனக்குத் தெரியப்போவதில்லை, எழுபதில் மிதிப்பேன், பஞ்சாக அமுங்கும், அதில் ஒரு நியாயமும் இருக்கும். இடது சீட்டில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அவனும் பதினோரு வருசமாக இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தானோ என்னவோ. ரொம்ப நேரத்துக்குப் பிறகு, இன்னும் மூணு சக்கரம் இருக்குது, உடுங்க என்றான். அண்ணா என்கிற சொல் இல்லை. மிதிங்க. புடிங்க. உடுங்க. ஒவ்வொரு நிப்பிளையும் மூடின பிறகு இன்னொரு தரம் இறுக்குகிற சத்தம் கேட்டது, எப்போதும் போல, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவன் கை கோபத்திலும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், அதை நினைத்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது, கலங்கினதை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அதையும் பெரிதாக்கியிருப்பேன். வலது முன்சக்கரத்தோடு இரண்டாவது சுற்று முடிந்தது. மூணாவதா என்று கேட்டேன். தேவையில்ல என்றான்.

ஜாக்கியை இறக்கினான், கையைக் கழுவினான், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினான், என் கதவைத் திறந்து, தள்ளி உக்காருங்க என்றான். எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் போங்க, நான் ஓட்டறேன். கியர் லீவரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு அந்த இடது சீட்டில் போய் உட்கார்ந்தேன், உட்காரும்போது அடியில் இன்னொருத்தன் சூடு இருக்கும் என்று பயந்தேன், வெறும் ரெக்ஸின்தான், ஈரமாக இருந்தது. சீரு ஏத்தலியே என்றேன். அது வெள்ளிக்கெழம. இப்ப அக்காவப் பாக்கப் போறோம் என்றான். ஸ்டார்ட் பண்ணினான், டர்போ விசில் அடித்தது, பதினோரு வருசம் ஸ்டீயரிங் தொடாதவன் கிளட்சை எடுத்த அழகைப் பார்க்க வேண்டுமே என்று வாய்வரை வந்தது, வாயை மூடிக்கொண்டேன், உண்மையில் ஒரு தரம் எஞ்சின் அணைந்து போயிற்று. எழுபதில் நடை வேகத்தில் இறங்கினான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மிதித்துப் பார்த்தான், வண்டி நின்றது, மறுபடி உருண்டது, மிதித்தான், நின்றது. எத்தனையோ ஆயிரம் பேருக்குச் செய்து கொடுத்த பிரேக்கை அவன் இன்றைக்குத்தான் தன் காலால் தொட்டுப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அறுபத்தாறு. அறுபத்தைந்து. மேகம் கண்ணாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து வழிகிறது, இந்தப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது, பள்ளம் நமக்கு முன்னால் நமக்கே தெரிகிறது, ஓட்டுகிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால், இது எனக்கு ஐம்பது வருசமாகத் தெரியாது. அறுபத்திரண்டின் மஞ்சள் பலகை வந்தது. நிறுத்தினான். இங்கயா என்று கேட்டான். இன்னும் பத்தடி கீழ என்றேன். பத்தடி உருட்டி நிறுத்தினான், ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சுவர் புதுசாகக் கட்டினது, அதன்மேலும் பாசி பிடித்துவிட்டது. மச்சான் கடைசியா என்ன சொன்னாரு என்று கேட்டான். என்னைப் பார்க்கவில்லை. என் வாய்க்குள் ஒரு சந்தையே கூடிவிட்டது, கோகிலாவப் பாத்துக்குங்க என்று ஒரு சீரங்கன், பாவாயிகிட்டச் சொல்லுங்க என்று ஒரு சீரங்கன், கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு சீரங்கன், எல்லோரும் நான் பெற்றவர்கள், எல்லோரும் முன்னால் வரத் தள்ளினார்கள். எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே அவன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, சிரிக்காமல், உட்கார்ந்திருந்தான். ரோட்டப் பாருங்கண்ணான்னான் என்றேன். வேற? வேற ஒண்ணும் சொல்லல. அறப்பளி ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். அக்காகிட்டயும் இத்தனையே சொல்லுங்க, இதுக்கு மேல ஒரு சொல்லு சேக்காதீங்க என்று சொல்லி, இரண்டாவது கியரில் அறுபத்தொன்றை நோக்கி வண்டியை இறக்கினான்.